சீனப் பழந்துணி சேகரிக்கத் தொடங்குபவர்களுக்கு: காகிதம், செலவு, காலம்

சிங்கப்பூரில் இருந்துகொண்டு சீனப் பழந்துணி சேகரிக்கிறேன். பெரிய சேகரிப்பு இல்லை, ஓர் அலமாரிக்குள் அடங்கிவிடும். ஆனால் அதை நிரப்புவதற்குள் சுங்கம், ஏல நிறுவன நிபந்தனைகள், அனுமதிச் சீட்டு, கூரியர்காரர்களின் தொலைபேசி என்று அலைந்த அலைச்சல் கொஞ்சமில்லை. துணியின் அழகைப் பற்றிப் பேச எத்தனையோ பேர் கிடைத்தார்கள். எந்தக் காகிதத்தை யாரிடம் கேட்பது, எத்தனை நாள் ஆகும், கடைசியில் மொத்தம் எவ்வளவு என்று சொல்லத்தான் ஆள் இல்லை. தமிழில் தேடினால் சுத்தமாக ஒன்றும் கிடைக்கவில்லை.

வரலாற்றை இங்கே தொடப் போவதில்லை. சிங் வம்சம் 1644 முதல் 1912 வரை ஆண்டது, சந்தைக்கு வரும் துணிகளில் பெரும்பாலானவை அதன் கடைசி நூறு ஆண்டைச் சேர்ந்தவை என்று தெரிந்தால் இப்போதைக்குப் போதும்.

1. எதைச் சேர்ப்பது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

"சீனத் துணி" என்று பொதுவாக இறங்காதீர்கள். ஏதாவது ஒரு வகையை எடுத்துக்கொண்டு, அதில் கண் பழகிய பிறகு அடுத்ததற்குப் போங்கள். எந்த வகை என்பதைப் பொறுத்துத்தான் சட்டச் சிக்கலும் செலவும்.

சட்டைக்கைப் பட்டைகள்தான் தொடக்கத்துக்கு நல்லவை என்பேன். பெண்களின் அகலமான கை வைத்த மேலாடையில், மடித்த கை ஓரத்தில் தைத்த நீளமான பூவேலைப் பட்டைகள் இவை. ஜோடியாக வரும். சிறியவை, தட்டையாக வைக்கலாம், அஞ்சலில் அனுப்பலாம். சிங் காலக் கடைசியைச் சேர்ந்த ஒரு ஜோடி, ஏலத்தில் சில நூறு சிங்கப்பூர் வெள்ளிக்குள் (டாலர்) கிடைத்துவிடும். ஒரு பாதியில் வேலைப்பாடு அடர்த்தியாகவும் மறு பாதியில் குறைவாகவும் இருந்தால் ஏமாற்று என்று நினைக்க வேண்டாம். கைகோத்து நிற்கும்போது வெளியே தெரியும் பக்கத்தில்தான் வேலையைக் கொட்டியிருப்பார்கள்.

அடுத்தது அதிகாரிகளின் பதவிச் சதுரங்கள். மேலங்கியின் மார்பிலும் முதுகிலும் தைத்துக்கொள்ளும் சதுரத் துணி, ஏறக்குறைய ஓர் அடிக்கு ஓர் அடி. குடிமை அதிகாரி என்றால் பறவை, படை அதிகாரி என்றால் விலங்கு. சாதாரணமான ஒற்றைச் சதுரம் சில நூறு வெள்ளியில் தொடங்கும். நல்ல ஜோடிக்கு ஆயிரக்கணக்கில் போகும். போலிகளும் இதில்தான் அதிகம்.

மூன்றாவது, தென்மேற்குச் சீனாவில் குய்ஜோ மாநிலத்து மியாவ் மக்களின் துணிகள். முதுகில் குழந்தையைக் கட்டும் துணி, மடிப்புப் பாவாடை, மெழுகிட்டு அவுரியில் தோய்த்த துணி, முட்டை வெள்ளைக்கரு பூசி அடித்து அடித்துப் பளபளப்பாக்கிய துணி என்று கடல் போல விரியும். என் மனம் போவது இந்தப் பக்கம்தான். இதற்கும் தனிச் சட்ட விதி உண்டு, கீழே சொல்கிறேன்.

டிராகன் அங்கிகளை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். விலை பல ஆயிரம். அதோடு நாடகக் கம்பெனி உடைகளை அரசவை அங்கி என்று சொல்லி விற்கும் வேலை இன்றும் நடக்கிறது.

பழசுதான் வேண்டும் என்று கட்டாயம் இல்லையென்றால், நான்ஜிங் நகரத்தின் யுன்ஜின் ஜரிகைப் பட்டு போலப் புதிதாக நெய்வதை வாங்கலாம். பெரிய தறியில் மேலே ஒருவர், கீழே ஒருவர் என்று இரண்டு பேர் உட்கார்ந்து ஒரு நாளில் ஐந்தாறு சென்டிமீட்டர்தான் நெய்வார்கள். 2009-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கலை. தொல்பொருள் அனுமதித் தொல்லை கிடையாது, கடையின் ரசீது போதும்.

2. மூன்று ஆண்டுகளை மனப்பாடம் செய்யுங்கள்: 1911, 1949, 1966

இதைப் படிக்காமல் சீனாவுக்கு டிக்கெட் போடாதீர்கள்.

சீன அரசு 2007-இல் வெளியிட்ட தொல்பொருள் வெளியேற்ற விதிப்படி, 1911 வரை (அந்த ஆண்டும் சேர்த்து) செய்யப்பட்ட தொல்பொருள் எதுவும் நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது. 1949 வரை செய்யப்பட்டு, வரலாற்று மதிப்போ கலை மதிப்போ உள்ளவற்றுக்கும் பொதுவாகத் தடைதான். சிறுபான்மை இன மக்களின் பொருள்களுக்கு எல்லைக்கோடு 1966. அதுவரை செய்யப்பட்டு, அந்த இனத்தின் மரபைக் காட்டும் தரத்தில் இருப்பவை வெளியே போக முடியாது.

அதாவது, பெய்ஜிங் சந்தையில் ஒரு பதவிச் சதுரத்தைக் காட்டி "அசல் சிங் காலம்" என்கிறார் கடைக்காரர். அவர் சொல்வது உண்மையானால் அதை நீங்கள் கொண்டுவர முடியாது. கொண்டுவர முடியுமானால் அது சிங் காலத்தது இல்லை. இரண்டில் எதுவானாலும் வாங்க வேண்டியதில்லை.

"ஹாங்காங்கில் வைத்துத் தருகிறேன்" என்று ஒரு வசதி செய்து தருவார்கள். தலையாட்டாதீர்கள். பெருநிலச் சீனாவிலிருந்து ஹாங்காங்குக்குக் கொண்டுபோவதும் வெளியேற்றம்தான், அதே விதிதான். தொல்பொருள் கடத்தல் அங்கே குற்றவியல் சட்டத்தில் வருகிறது, வெறும் அபராதத்தோடு முடியும் என்று யாரும் உறுதி தர முடியாது.

ஆகவே சிங் காலத் துணி வேண்டுமானால், எப்போதோ வெளியே வந்து லண்டன், பாரிஸ், நியூயார்க், ஹாங்காங் என்று சுற்றிக்கொண்டிருக்கும் துணிகளைத்தான் வாங்க வேண்டும். சீனாவுக்குள் வாங்குவதாக இருந்தால் 1966-க்குப் பிந்தைய மியாவ் துணி, அல்லது புதுத் துணி. என் அலமாரியில் இருப்பவை எல்லாம் இந்த இரண்டு வழியில் வந்தவைதான்.

3. பணம் எடுக்கும் முன் பார்த்துப் பழகுங்கள்

இதற்குச் செலவே இல்லை, ஆனாலும் பெரும்பாலானோர் தாண்டிப் போவது இந்தப் படியைத்தான். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017 முதல் தன்னிடம் இருக்கும், பதிப்புரிமைக் கட்டு இல்லாத பொருள்களின் படங்களை இலவசமாகத் திறந்துவிட்டிருக்கிறது. லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகமும் இணையத்தில் நிறைய வைத்திருக்கிறது. நீங்கள் தேர்ந்தெடுத்த வகையில் நூறு இருநூறு படங்களையாவது பெரிதாக்கிப் பாருங்கள். அளவு, ஆண்டு, நெசவு வகை மூன்றையும் சேர்த்துப் படியுங்கள்.

நேரில் போக முடிந்தால் ஹாங்ஜோ நகரத்தின் சீன தேசியப் பட்டு அருங்காட்சியகம்தான் என் முதல் பரிந்துரை. 1992-இல் திறந்தது, நுழைவு இலவசம். ஒரு நாள் முழுதாக ஒதுக்குங்கள். மியாவ் துணிக்குப் பெய்ஜிங் ஆடை வடிவமைப்புக் கல்லூரியின் இன ஆடை அருங்காட்சியகம் அருமையானது, ஆனால் எல்லா நாளும் திறந்திருக்காது. நேரம் விசாரித்துவிட்டுப் போங்கள்.

4. எங்கே வாங்குவது

ஏலம்: லண்டனிலும் நியூயார்க்கிலும் இருக்கும் பெரிய நிறுவனங்களைப் பார்த்து மலைக்க வேண்டாம். இங்கிலாந்திலும் பிரான்சிலும் ஊருக்கு ஊர் சிறிய ஏல நிறுவனங்கள் இருக்கின்றன. யாரோ ஒருவரின் பாட்டி வீட்டை ஒழித்தபோது கிடைத்த துணிகள் அங்கேதான் வருகின்றன. பட்டியல் வெளியானதும் "கண்டிஷன் ரிப்போர்ட்" (துணியின் நிலை, சேதம் பற்றிய குறிப்பு) கேட்டு எழுதுங்கள், கூடவே பின்பக்கப் படமும் கேளுங்கள். இலவசமாகவே தருவார்கள். ஏலத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது கேட்டால் பதில் வராது. ஒரு வாரமாவது முன்னதாக எழுதுங்கள்.

ஹாங்காங்: ஹாலிவுட் ரோட்டிலும், பக்கத்தில் கேட் ஸ்ட்ரீட் என்று எல்லோரும் அழைக்கும் அப்பர் லாஸ்கர் ரோவிலும் கடைகள் உண்டு. விற்பனை வரி இல்லாத ஊர் என்பதால் விலைப்பட்டியலில் கடைசி நேர ஆச்சரியம் இருக்காது. ஹாலிவுட் ரோட்டில் கடை வைத்திருப்பவர்கள் பொதுவாகக் காகிதம் தருவார்கள். கேட் ஸ்ட்ரீட்டின் நடைபாதைப் பலகைகளில் கிடைப்பதை நினைவுப் பொருளாக நினைத்து வாங்குங்கள். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் ஹாங்காங்குக்கு முன்பதிவு ஒன்றை இணையத்தில் செய்ய வேண்டும், தங்க 14 நாள் வரை.

பெய்ஜிங்கின் பான்ஜியாயுவான் சந்தை: வார இறுதியில் விடியும் முன்பே கூடிவிடும். வேடிக்கை பார்க்கக் கட்டாயம் போங்கள். பெரும்பாலானவை புதிதாகச் செய்து பழசாக்கியவை, அதை மனதில் வைத்துக்கொண்டு நடந்தால் நல்ல பயிற்சிக்கூடம்.

குய்ஜோவின் காய்லி நகரமும் சுற்றுக் கிராமங்களும்: மியாவ் துணிக்கு இதுதான் ஊற்று. கிராமப் பெண்களே மூட்டையோடு வந்து உட்கார்ந்திருப்பார்கள். கைபேசியில் மொழிபெயர்ப்புச் செயலி வைத்திருந்தால் பேரம் பேசலாம். ஒன்று மட்டும் கவனியுங்கள்: கழுத்தை நெரித்துப் பேரம் பேசாதீர்கள். அவர்கள் விற்பது பெரும்பாலும் அம்மாவோ பாட்டியோ தைத்தது, ஒரு குழந்தைச் சுமை துணிக்குப் பல மாத வேலை போயிருக்கும். எந்தக் கிராமம், யார் தைத்தது, ஏறக்குறைய எந்த ஆண்டு என்று கேட்டு அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். அந்த மூன்று வரி பின்னால் உங்களுக்குப் பெரிய துணை.

சீனாவில் பணம் கட்ட அலிபே அல்லது வீசாட் செயலியில் உங்கள் கடன் அட்டையை ஊரிலிருந்தே இணைத்துவிட்டுப் போங்கள். வெளிநாட்டு அட்டையில் 200 யுவான் வரை கட்டணம் இல்லை, அதற்கு மேல் 3 சதவீதம். கிராமத்தில் ரொக்கமும் வாங்குவார்கள். ஆனால் செயலியில் கட்டினால் தேதியும் தொகையும் பதிவாகிவிடும், அதுவும் ஒரு காகிதம்தான்.

விசா: சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு 2024 பிப்ரவரி 9 முதல் 30 நாள் விசா இல்லாமல் போகலாம். மலேசியர்களுக்கும் 30 நாள் உண்டு. இந்தியக் கடவுச்சீட்டுக்கு முன்கூட்டியே விசா எடுக்க வேண்டும்.

5. கையில் எடுத்து எப்படிப் பார்ப்பது

பத்து மடங்கு பெரிதாக்கும் சிறிய லென்ஸ் ஒன்று, சிறிய புற ஊதா டார்ச் ஒன்று, அளவு நாடா ஒன்று. மூன்றும் சட்டைப்பையில் இருந்தால் போதும்.

முதலில் பின்பக்கத்தைத் திருப்புங்கள். கைவேலையில் நூல் இங்கும் அங்கும் தாவும், முடிச்சுகள் தெரியும். இயந்திர வேலையில் பின்னால் ஒரே நிற அடிநூல் ஒழுங்காக ஓடும். விற்பவர் பின்பக்கம் காட்ட மறுத்தாலோ, புதுத் துணியை ஒட்டி மூடியிருந்தாலோ நகர்ந்துவிடுங்கள்.

பொன்னிழையை லென்ஸில் பாருங்கள். பழைய பொன்னிழை என்பது பொற்றகடு ஒட்டிய மெல்லிய காகிதத்தைப் பட்டு நூலின் மேல் சுற்றியது. தேய்ந்த இடத்தில் உள்ளே நூலும் காகிதமும் தெரியும். எங்கும் ஒரே மினுமினுப்பாக, பிளாஸ்டிக் நாடா போலத் தெரிந்தால் அது இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய சரக்கு.

நிறம்: செயற்கைச் சாயத்தின் முதல் ஊதாவை வில்லியம் பெர்கின் கண்டுபிடித்தது 1856-இல். கண்ணைப் பறிக்கும் ஊதாவையும் ரோஸையும் காட்டி "பதினெட்டாம் நூற்றாண்டு" என்றால் நம்ப வேண்டாம். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடைசி என்றால் சரி, அந்த நிறங்கள் அப்போது நாகரிகம்.

மங்கல்: உண்மையிலேயே வெயில்பட்டு மங்கிய துணியில், தையல் மடிப்புக்குள் பழைய நிறம் பளிச்சென்று ஒளிந்திருக்கும். தேயிலைத் தண்ணீரில் முக்கிப் பழசாக்கியதில் மடிப்புக்குள்ளும் அதே பழுப்புதான்.

புற ஊதா டார்ச்சை இருட்டில் அடித்தால், உள்துணியோ தையல் நூலோ நீலவெள்ளையாக ஒளிர்கிறதா என்று பாருங்கள். ஒளிர்ந்தால் வெண்மையூட்டும் ரசாயனம் இருக்கிறது, அது இருபதாம் நூற்றாண்டு நடுப்பகுதிக்குப் பிந்தையது. ஆனால் பழைய துணியை யாராவது சோப்புத்தூளில் துவைத்திருந்தாலும் ஒளிரும். இதை ஒரே ஆதாரமாகக் கொண்டு முடிவெடுக்காதீர்கள்.

கேசி எனும் சித்திர நெசவு என்று சொன்னால் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நிறம் மாறும் ஓரங்களில் சின்னச் சின்னக் கீறல் போல வெளிச்சம் கசியும். கசியாவிட்டால் அது கேசி இல்லை. பிற்காலக் கேசியில் முகம், இறகு போன்ற நுணுக்கங்களைத் தூரிகையால் வரைந்திருப்பார்கள். அது போலி என்று அர்த்தமில்லை, விலை குறைய வேண்டும் என்று அர்த்தம்.

நூலைக் கொளுத்திப் பார்க்கும் சோதனையை எல்லோரும் சொல்வார்கள். பட்டு எரிந்தால் முடி கருகும் வாடை, பாலியெஸ்டர் உருகி மணியாகும். தானாக உதிர்ந்த நூல் கிடைத்தால் மட்டும் செய்யுங்கள், பிடுங்காதீர்கள்.

பதவிச் சதுரத்துக்கென்று சில சோதனைகள் தனியாக உண்டு. சிங் கால மேலங்கி முன்னால் திறப்பது. ஆகவே முன் சதுரம் நடுவில் இரண்டாக வெட்டியிருக்கும், பின் சதுரம் முழுசு. ஜோடி என்று விற்கும் இரண்டும் முழுசாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். சில பிற்காலச் சதுரங்களில் பறவையைத் தனியாகத் தைத்து மேலே ஒட்டவைத்திருப்பார்கள், பதவி உயர்ந்தால் பறவையை மட்டும் மாற்றிக்கொள்ள. அதை ஒட்டுப்போட்டது என்று ஒதுக்கத் தேவையில்லை. அப்புறம், எந்தப் பறவையைப் பார்த்தாலும் "முதல் தரக் கொக்கு" (மிக உயர்ந்த பதவிக்கான பறவை) என்பார்கள், முதல் தரத்துக்குத்தான் விலை அதிகம். வாலை எண்ணுங்கள். பல் பல்லாக வெட்டிய ஓரத்தோடு ஐந்து நீள இறகு இருந்தால் அது ஐந்தாம் தரத்து வெள்ளிக் காட்டுக்கோழி.

6. கேட்டு வாங்க வேண்டிய காகிதங்கள்

வெளிநாட்டில் வாங்கினால்: முழு விவரம் எழுதிய விலைப்பட்டியல். "பழைய துணி" என்று ஒற்றை வரி போதாது. என்ன பொருள், எந்த நாட்டில் செய்தது, ஏறக்குறைய எந்தக் காலம், அளவு, மூலப்பொருள், விலை ஆறும் இருக்க வேண்டும். அதோடு முன்கை விவரம்: இதற்கு முன் யாரிடம் இருந்தது, எந்த ஆண்டு எந்த ஏலத்தில் விற்றது, பழைய ரசீதோ பட்டியல் பக்கமோ உண்டா. எழுதித் தரச் சொல்லுங்கள். துணியில் பழைய ஏலச் சீட்டு குத்தியிருந்தால் கழற்றி எறியாதீர்கள். அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் தகவல்: சீனாவோடு 2009-இல் போட்ட ஒப்பந்தப்படி டாங் வம்சம் முடியும் வரையிலான, அதாவது கி.பி. 907 வரையிலான தொல்லியல் பொருள்களுக்குத் தனிக் கட்டுப்பாடு இருக்கிறது. கல்லறைப் பட்டு என்று யாராவது நீட்டினால் தொடவே வேண்டாம்.

சீனாவில் வாங்கினால்: வாங்கிய துணி 1966 எல்லைக்கோட்டுக்கு எந்தப் பக்கம் என்று விமான நிலையத்தில் வாதாடிக்கொண்டிருக்க முடியாது. சந்தேகம் இருந்தால் தொல்பொருள் நுழைவு-வெளியேற்றப் பரிசோதனை அலுவலகத்தில் காட்டுங்கள். பெய்ஜிங், ஷாங்காய், குவாங்டோங், யுன்னான் உட்படப் பல இடங்களில் உண்டு. கடவுச்சீட்டு, பொருள் பட்டியல், படங்கள், ரசீது, துணி எல்லாவற்றோடும் போக வேண்டும். மூன்று பேருக்குக் குறையாத நிபுணர்கள் பார்த்து, 15 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி. அனுமதித்தால் வெளியேற்றச் சீட்டும், பொருளில் சிவப்பு அரக்கு முத்திரையும் கிடைக்கும். இரண்டையும் பிரிக்காதீர்கள். முத்திரை இருந்து சீட்டு இல்லாவிட்டால் சுங்கத்தில் நிற்க வேண்டி வரும்.

15 வேலை நாள் என்றால் மூன்று வாரம். நடுவில் வசந்த விழா எனும் சீனப் புத்தாண்டோ அக்டோபர் முதல் வார விடுமுறையோ வந்தால் இன்னும் இழுக்கும். இரண்டு வாரச் சுற்றுலாவில் இதைச் செய்து முடிக்க முடியாது. அதனால் நீண்ட பயணமாக வைத்துக்கொண்டு அதன் முதல் பாதியில் வாங்கிவிடுங்கள், அல்லது ஐயத்துக்கு இடமில்லாத புதுத் துணியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நான் இரண்டாவது வழிக்காரன்.

ஏற்கெனவே வெளிநாட்டில் வாங்கிய பழந்துணியைச் சீனாவுக்குள் எடுத்துப் போவதாக இருந்தால் (யாரிடமாவது காட்ட, பழுது பார்க்க), உள்ளே நுழையும்போதே சுங்கத்தில் அறிவித்துத் தற்காலிக நுழைவாகப் பதிந்துகொள்ளுங்கள். பதியாமல் கொண்டுபோனால் திரும்பி வரும்போது 1911 விதி உங்கள் துணிக்கே பொருந்தும்.

7. மொத்தச் செலவைக் கணக்குப் போடுங்கள்

ஏலத்தில் சுத்தியல் விழும் விலையை மட்டும் பார்த்து ஆசைப்படக் கூடாது. அதன் மேல் ஏல நிறுவனத்தின் கட்டணம் ஏறும். 25 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள், சில இடங்களில் அதற்கும் மேல். இங்கிலாந்தில் அந்தக் கட்டணத்தின் மேல் வாட் வரியும் உண்டு. இணையவழி ஏல மேடை மூலம் கேட்டால் மேடைக்கு ஒரு சில சதவீதம். பிறகு பொதியும் கட்டணம், கூரியர், காப்பீடு. கடைசியில் உங்கள் நாட்டு வரி.

ஓர் உதாரணம், சிங்கப்பூர் வெள்ளியில். சுத்தியல் விலை 1,000. ஏலக் கட்டணம் 250. பொதியலும் கூரியரும் காப்பீடும் 100 என்போம். ஆக 1,350. சிங்கப்பூரில் துணிக்குச் சுங்கத் தீர்வை இல்லை, ஆனால் பொருள் சேவை வரி 2024 முதல் 9 சதவீதம். அது காப்பீடும் கூரியரும் சேர்ந்த மொத்த மதிப்பின் மேல் வரும்: 121 வெள்ளி 50 காசு. எல்லாம் சேர்த்து 1,471 வெள்ளி 50 காசு. அட்டையில் கட்டினால் நாணய மாற்றுக் கட்டணம், கூரியர் நிறுவனம் வரியைக் கட்டித் தந்ததற்கு எடுக்கும் சேவைக் கட்டணம் இரண்டும் இதற்கு மேலே. நான் சுத்தியல் விலையின் ஒன்றரை மடங்கு என்று மனதில் வைத்துத்தான் ஏலம் கேட்பேன். இதுவரை அந்தக் கணக்கு பெரிதாகப் பிசகவில்லை.

8. பார்சலும் சுங்கமும்

பாதித் தலைவலி இங்கேதான். என் பார்சல் ஒன்று வாரக்கணக்கில் நின்றது. காரணம், அனுப்பியவர் படிவத்தில் "பழைய ஆடை, பரிசு" என்று எழுதி மதிப்பாக இருபது டாலர் போட்டிருந்தார். எனக்கு நல்லது செய்வதாக நினைத்து! மதிப்பைக் குறைத்து எழுதினால் சுங்கம் நிறுத்தும். தொலைந்தால் காப்பீடும் இருபது டாலருக்குத்தான். வாங்கும்போதே விற்பவருக்கு எழுதிவிடுங்கள்: உண்மையான விலை, உண்மையான விவரம், விலைப்பட்டியல் வெளியே ஒரு பிரதி, உள்ளே ஒரு பிரதி.

நூறு ஆண்டு தாண்டிய பழம்பொருளுக்கு உலகச் சுங்க அட்டவணையில் தனித் தலைப்பு உண்டு, எண் 97.06. துணி நூறு ஆண்டைத் தாண்டியது என்றால் அந்த எண்ணையும், காலத்தைக் குறிப்பிடும் விலைப்பட்டியலையும் அனுப்பச் சொல்லுங்கள். இந்தியாவுக்கு அனுப்புகிறவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். "பயன்படுத்திய ஆடை" என்று படிவத்தில் எழுதினால், உடுத்திய துணிகளுக்கான 63.09 தலைப்பில் போய் விழும். அதை இந்தியாவுக்குள் கொண்டுவரக் கட்டுப்பாடு உண்டு, உரிமம் கேட்பார்கள். நூற்றாண்டு பழைய பூவேலைப் பட்டை பழைய சட்டை மூட்டையோடு சேர்ந்துவிடும். இன்னொன்று, நூறு ஆண்டு தாண்டிய பொருளைப் பிறகு இந்தியாவிலிருந்து வெளியே எடுத்துப் போக நினைத்தால் தொல்லியல் துறையின் கேள்வி வரலாம். வெளிநாட்டிலிருந்து வந்தது என்று காட்டும் சுங்கச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

தோல், ரோமம், தந்தம், மீன்கொத்தி இறகு இவற்றில் எது சேர்ந்திருந்தாலும் வாங்கும் முன் வனவிலங்குச் சட்டத்தைப் பாருங்கள். ரோமம் வைத்துத் தைத்த குளிர்கால அங்கி, தந்தக் கொக்கி போட்ட பை, நீல இறகு பதித்த தலை அணி எல்லாம் அடிக்கடி வரும். சிங்கப்பூரில் 2021 செப்டம்பர் முதல் யானைத் தந்த விற்பனைக்கே தடை. இவற்றை நான் பார்த்து ரசிப்பதோடு சரி.

பொதிவது: துணியை மடிக்காமல், அமிலமில்லாத காகிதத்தோடு குழாயில் சுருட்டி, பூவேலை வெளிப்புறம் இருக்கும்படி அனுப்பச் சொல்லுங்கள். சிறிய சதுரங்களுக்கு இரண்டு அட்டைக்கு நடுவில் தட்டையாக. நேரடியாகப் பிளாஸ்டிக் பையில் வேண்டாம். ஏலம் முடிந்து கைக்கு வர மூன்று முதல் ஆறு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்குள் வந்துவிடும், கிறிஸ்துமஸுக்குள் வந்துவிடும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

9. வீட்டுக்கு வந்த முதல் மாதம்

பிரித்தவுடன் மற்றத் துணிகளோடு சேர்க்காதீர்கள். பூச்சி முட்டை இருக்கலாம். காகிதத்தில் சுற்றி, பாலித்தீன் பையில் காற்றை வெளியேற்றி மூடி, மைனஸ் 18 அல்லது 20 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்த பிறகு ஒரு முழு நாள் பையைத் திறக்கக் கூடாது. திறந்தால் வெளிக்காற்றின் ஈரம் துணியில் வியர்த்துவிடும்.

துவைக்கவே வேண்டாம், டிரைகிளீனிங்கும் வேண்டாம். பழைய சிவப்பும் கருநீலமும் ஒரு சொட்டுத் தண்ணீரில் கசிந்து பக்கத்து வெள்ளையைக் கெடுக்கும். தூசிக்கு, குழாய் வாயில் வலைத்துணி கட்டிய வேக்குவம் கிளீனரைக் குறைந்த வேகத்தில் வைத்து, துணியைத் தொடாமல் மேலாக ஓட்டுங்கள்.

சென்னை, யாழ்ப்பாணம், சிங்கப்பூர் எல்லா இடத்திலும் எதிரி ஈரம்தான். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை வரும். 50 முதல் 55 சதவீதத்தில் நிறுத்தினால் நல்லது. கேமரா வைக்கும் உலர் பெட்டி சிறிய துணிகளுக்குப் போதும். பெரியவற்றுக்கு, துவைத்து மொடமொடப்பு நீக்கிய பருத்தித் துணியில் சுற்றி, ஈரமுறிஞ்சி வைத்த அலமாரியில் தட்டையாக வையுங்கள். பெரிய அங்கியைத் தொங்கவிட்டால் அதன் எடையே தோளைக் கிழிக்கும்.

சட்டம் போட்டு மாட்ட ஆசைதான் எல்லோருக்கும். மாட்டினால் துணி கண்ணாடியைத் தொடக் கூடாது, பசை போட்டு ஒட்டக் கூடாது, அடித்துணியில் தைத்துத்தான் நிறுத்த வேண்டும். ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் வேண்டாம். அருங்காட்சியகங்கள் பட்டுக்கு 50 லக்ஸ் வெளிச்சத்தோடு நிறுத்திக்கொள்கின்றன, அது மங்கலான மாலை வெளிச்சம். அதையும் சில மாதங்களுக்குத்தான் வைப்பார்கள். நான் ஒரே ஒரு சட்டத்தை வைத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் சதுரத்தை மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாற்றுகிறேன்.

கடைசியாக ஒரு கோப்பு. துணி ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து, முன்பக்கம், பின்பக்கம், சேதம் உள்ள இடம் என்று படம் எடுத்து, விலைப்பட்டியல், சுங்கச் சீட்டு, கூரியர் ரசீது, விற்றவர் எழுதிய மின்னஞ்சல் எல்லாவற்றையும் அந்த எண்ணில் சேர்த்து வையுங்கள். எண்ணைத் துணியில் எழுதாதீர்கள். பருத்தி நாடாவில் பென்சிலால் எழுதி, ஓரத்தில் இரண்டு தையலில் கோத்துவிடுங்கள். வீட்டுக் காப்பீட்டில் சேர்க்கும்போதும், நாளைக்கு விற்கும்போதும், பிள்ளைகள் வேறு நாட்டுக்கு எடுத்துப் போகும்போதும் இந்தக் கோப்பைத்தான் கேட்பார்கள்.